அகரத்துக்குள் நின்ற காட்டெருமை

ஒரே ஒரு புத்தகத்தில் படம் மட்டும் பார்த்துவிட்டுக் கலைஞராகிறவர்களைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. நான் அப்படி ஆனவள்தான்.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். இடைக்கால ஐரோப்பியத் துறவிகள் கையால் எழுதிய ஏடுகளின் படப் புத்தகம் ஒன்று அங்கே நூலகத்தில் கிடைத்தது. முதல் எழுத்தே உள்ளங்கை அகலம். அதைச் சுற்றித் தங்கக் கொடி; கொடிக்குள் முயல், நத்தை, வாயைப் பிளந்த மிருகங்கள். சொக்கிப்போனேன்.

அந்தச் சமயம் தலைமையாசிரியைக்குப் பணி ஓய்வு. வாழ்த்து மடல் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். (அவருடைய மகன் எபியும் நானும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தோம். அவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.)

“மடலப் பாத்து அம்மா அசந்து நிப்பாங்கல்ல, அப்பப் பேசிருவோம்” என்றார் எபி.

“அருமைத் தலைமையாசிரியை அவர்களே” என்று தொடக்கம். அந்த ‘அ’வில் என் மொத்தத் திறமையையும் இறக்கினேன். முட்டை வெள்ளைக்கரு பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லிய தங்க ரேக்குத் தாளை ஒட்டினேன். (மூச்சு விட்டால் பறந்துவிடும். பாதி என் புருவத்தில் ஒட்டியது.) அன்று பார்த்து, அட்டுவம்பட்டியில் என் அறை வாசலில் ஒரு காட்டெருமை வந்து நின்றது. துறவிகளாக இருந்தால் விடுவார்களா? அதையும் ‘அ’வின் வளைவுக்குள் நிறுத்தினேன். கொம்புக்கு இடம் போதாமல் எழுத்தைக் கொஞ்சம் நெளிக்க வேண்டியதாயிற்று.

விழாவில் மடலை வாசிக்க வந்தவர் உடற்கல்வி ஆசிரியர். கிட்டே வைத்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். முதல் எழுத்தைக் காணோம், அந்த இடத்தில் மாடுதான் தெரிந்தது. மைதானத்துக் குரலில் முழங்கினார்:

“எருமைத் தலைமையாசிரியை அவர்களே!”

அரங்கமே அதிர்ந்தது. எபி நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

தலைமையாசிரியை மடலை வாங்கிப் பார்த்தார். “இது யாரு சோலி?”

எழுந்து நின்றேன்.

“ஏம்மா, மாட்டுக்கு இமைகூட வரஞ்சிருக்க. எழுத்துக்குக் கொஞ்சம் எடம் விடக் கூடாதா?” என்றவர், தங்கத்தை விரலால் தடவினார். “இத்தன வருசமா பிள்ளைங்க இத என் முதுகுக்குப் பின்னாடிதான் சொல்லுச்சுங்க. மேடையில, தங்கம் ஒட்டிச் சொன்னது நீ ஒருத்திதான்!”

முதலில் சிரித்தவரும் அவர்தான்.

காபி நேரத்தில் நான்தான் அவரிடம் போய்க் கல்யாண விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கு மேலயா என்னத் திட்டப் போற, வா” என்றார் தலைமையாசிரியை.

இன்றுவரை என் மாமியார் போனில் பெயர் சொல்வதில்லை. யார் எடுத்தாலும் கம்பீரமாகச் சொல்வார்:

“எருமை பேசுறேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், எபிய வெரசா வண்டியோட வரச் சொல்லு!”