லிஃப்ட்டுக்குள் தவளை இருக்கிறது

தூங்குவதற்கு நிதியுதவி கேட்ட ஒரே மனிதர் எங்கள் அப்பாவாகத்தான் இருக்கும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுத்தே கிடக்க வேண்டும் என்பார். அதற்காகவே, ஏதோ கட்டடத்தில் கழற்றிப் போட்ட பழைய லிஃப்ட் பெட்டியைக் கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தினார். அதன்மேல் கொடி ஏறி, சுற்றிலும் புதர் மண்டி, தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை யானை மாதிரி தெரியும். உள்ளே ஒரு பாய். காலையில் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவார்.

அம்மாவுக்குத் தையல் வேலை. மிஷின் கிடந்தது சமையலறையில். அவள் தைத்த சட்டையெல்லாம் வெங்காய வாசனை அடிக்கும்.

"என்னங்க, அந்தத் தகரப் பெட்டிய எடைக்குப் போட்டுட்டு, அங்க எனக்கு ஒரு ஷெட் போட்டுக் குடுங்க."

"பெட்டியா? அது உயிரினங்களோட வாழ்விடம்!"

"என்ன உயிரினம்? உள்ள நீங்கதானே கிடக்கறீங்க?"

"ஒரு தவளையும் இருக்கு."

"சரி, தவளைய மட்டும் வெளிய விட்டுட்டு, மிச்சத்த எடைக்குப் போடறேன்."

அப்பா வெலவெலத்துப் போனார். அந்தச் சமயம் பார்த்து அவர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடம் ஒரு அறக்கட்டளை. பிள்ளைகளுக்கு இயற்கையை ரசிக்கக் கற்றுத்தரும் திட்டங்களுக்கு அவர்கள் பணம் தருகிறார்களாம். உடனே எழுதிப் போட்டுவிட்டார்.

"இயற்கை மையம்னு அவங்க ஒத்துக்கிட்டா போதும். உங்கம்மா ஒரு இலையக்கூடத் தொட முடியாது" என்றார் என்னிடம். நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். அந்த விண்ணப்பத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். அப்பா புதர் முழுக்கப் பலகை மாட்டி வைத்திருந்தார். 'ஓணான் இல்லம்.' 'எறும்பு நெடுஞ்சாலை.' 'உள்ளே தவளை. சத்தம் போடாதீர்.'

"அருமை சார். பிள்ளைங்க இங்க என்ன செய்வாங்க?"

அப்பா, பிள்ளைகளுக்குக் கற்றுத்தரத்தான் பணம் என்பதையே மறந்திருந்தார்.

"பிள்ளைங்க... வந்து... நல்லாத் தூங்..."

"தூங்கவே மாட்டார் மேடம்!" டீயோடு வந்து நின்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை விடிஞ்சா போதும். தெருப் பிள்ளைங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து, ஒரு உயிரை அசையாமப் பாருங்கம்பார். எனக்கே பொறாமையா இருக்கும்."

அம்மா காப்பாற்றுகிறாளாம்! அப்பா நன்றியோடு தலையாட்டினார்.

"இந்தப் பெட்டிக்குள்ள போவீங்களா சார்?"

"அய்யோ, தவளை மிரண்டுடும்னு உள்ள எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்."

அப்பாவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. அதிகாரி அவரையே பார்த்தார். அப்பா மீதியையும் ஆட்டினார்.

"உள்ள பாய் இருக்கே?"

"தவளைக்கு" என்றார் அப்பா, ஈனக்குரலில்.

அதிகாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மழை வந்தா பிள்ளைங்க எங்க ஒதுங்குவாங்க?"

"அதான் மேடம் கவலை. ஒரு ஷெட் இருந்தா பிளாஸ்டிக்குக்குப் பதிலா துணிப்பை தைக்கவும் நான் கத்துக்குடுப்பேன். மிஷின்கூட எங்கிட்டயே இருக்கு."

நிதி வந்தது. ஷெட் வந்தது. மிஷின் ஷெட்டுக்குப் போனது. பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி அம்மாவிடம் போனது. பாயில் தவளை தாராளமாகக் கால் நீட்டியது.

முதல் ஞாயிறு, விடியும்போதே வாசலில் ஒரு படை. அப்பா சிவந்த கண்ணோடு வந்தார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவரிடமும் ஒரு திட்டம் இருந்தது.

"ஆளுக்கு ஒரு உயிரைப் பார்த்து வரையணும். பேசக்கூடாது. அசையக்கூடாது. என்னை எதுவும் கேக்கக்கூடாது."

சொல்லிவிட்டு மரத்தடியில் சாய்ந்தார். வாய் திறந்துகொண்டது. குறட்டை கிளம்பியது. அந்தச் சத்தத்தில் ஓணான் ஓடியது, குருவி பறந்தது, எறும்புகூட வேறு பாதை பிடித்தது. பார்ப்பதற்கு வேறு உயிர் இல்லாமல், பிள்ளைகள் எல்லாரும் நோட்டும் பென்சிலுமாக அப்பாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒரு குட்டிப்பெண் மட்டும் ஷெட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, அது கடிக்குமா?"

அம்மா மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"கடிக்காது கண்ணு. பழகினதுதான்."