ஹுசைன் பாய் வீட்டுச் செரை

இந்த மாதத்துக்குள் மூன்று புது வாடிக்கையாளர்களைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று நான் சபதம் செய்தது ஆடி மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. சாட்சி, என் மனைவி சுசீலா. அவள் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சபதத்துக்குக் காரணம் சிமெண்டு. என் தொழில் புல் வெட்டுவது, புதர் மண்டிய இடங்களைத் துப்புரவு செய்வது. இரண்டு வெட்டு மிஷின், ஒரு பழைய வேன், பதினெட்டு வருஷ அனுபவம். துவாஸில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கத்துப் புல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. இந்த ஊர் மழைக்குப் பதினைந்து நாளில் முழங்கால் உயரம் வளரும். போன மாதம் அங்கே ஒரு புது மேனேஜர் வந்தார். புல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டுமே வேண்டாமென்று சிமெண்டு பூசிவிட்டார். சிமெண்டு வளராது.

"ராமலிங்கத்துக்கு போன் போட்டேன்," என்றாள் சுசீலா. ராமலிங்கம் அவள் தம்பி, சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். "அவன் செக்ஷன்ல ஆள் எடுக்கறாங்களாம். மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக ஒரு இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன்னான்."

"அவனுக்குக் கீழயா? நானா?"

"மேல போகணும்னா பைலட்டுக்குப் படிச்சிருக்கணும்."

என் கல்யாணத்தன்று மூக்கு ஒழுகிக்கொண்டு என் வேட்டியைப் பிடித்துத் தொங்கிய பயல் அவன். அவனிடம் போய், 'சார், டாய்லெட் போய்ட்டு வரட்டுமா' என்று நிற்பதா? அதனால்தான் சபதம்.

"மூணு கஸ்டமர். பிடிக்கலைன்னா சாங்கிக்குப் போறேன். பிடிச்சுட்டேன்னா, நீ பையைத் தூக்கிக்கிட்டுத் தரைவீடு தரைவீடா வேப்பிலை கேட்டு அலையறதை நிறுத்தணும். முதலாளி பெண்டாட்டி வாசல் வாசலா நிக்கறதா? அசிங்கமா இருக்குலா."

ஆடி வந்தால் கோயிலுக்கு வேப்பிலை வேண்டும். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வேப்பமரம் உண்டு, ஆனால் அது நகர மன்றத்து மரம். கிளையை ஒடிக்க முடியாது. அதனால் தோட்டம் வைத்த தரைவீடுகளில் போய்க் கேட்டு வாங்கி வருவார்கள் கோயில் மாதர் குழுவினர். சுசீலா இருபது வருஷமாகப் போகிறாள். ஆடியில் வேப்பிலை, பொங்கலுக்கு மாவிலை, மற்ற நாளில் கறிவேப்பிலை.

"நான் கேக்கறது இலை. நீங்க கேக்கப்போறது வேலை. இதுல எது அசிங்கம்?" என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "மூணு கஸ்டமர், அவ்வளவுதானே? யார் பிடிச்சாலும் சரிதானே?"

"யார் பிடிச்சாலும் சரி! யார் பிடிக்கிறாங்களோ அவங்கதான் இனி முதலாளி. மத்தவங்க வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கணும்."

அப்போதுதான் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

முதல் திட்டம், விளம்பர அட்டை. ஐநூறு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா கடைத்தெருவில் நடக்க இடமில்லாத கூட்டம். நீட்டிய அட்டையை ஒருவர்கூட வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருத்தர் இரண்டு கேட்டு வாங்கினார். மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை.

"அண்ணே, புல்லு வெட்டற கம்பெனியா?"

"ஆமாங்க! சொல்லுங்க, எவ்வளவு பெரிய இடம்?"

"இடமெல்லாம் இல்லண்ணே. உங்ககிட்ட வேலை இருக்கா?"

இப்படி முப்பத்தேழு போன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஊரிலிருந்து வேலைக்கு வந்து தங்குவிடுதியில் ஒரு கட்டிலோடு காலம் தள்ளுகிறவர்கள். அவர்களிடம் போய் உங்கள் தோட்டத்தைச் சுத்தம் செய்யட்டுமா என்று அட்டை நீட்டியிருக்கிறேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. முப்பத்தெட்டாவதாக ஒருவர் தமக்கு இரண்டு ஏக்கர் நிலமே இருப்பதாகச் சொன்னார். எங்கே என்றேன். அறந்தாங்கி பக்கம் என்றார்.

இரண்டாவது திட்டம், இலவச மாதிரி. துணிக்கடையில் ஓரத்தை வெட்டிக் காட்டுவதில்லையா? அதுபோல ஒரு தரைவீட்டுக்கு வெளியே ஒரு துண்டு இடத்தை அழகாக வெட்டிக் காட்டினால், வீட்டுக்காரர் மீதியைத் தாமே ஒப்படைப்பார். சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு பின்சந்தில் தகுந்த இடம் அகப்பட்டது. வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே இடுப்பளவு லாலாங் புல். மணி அடித்தேன். யாரும் வரவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று மிஷினை முடுக்கினேன். வெட்டும்போது கமகமவென்று சமையல் வாசனை. மணி பன்னிரண்டாகிவிட்டது, பசிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெட்டி முடித்து, வாடிக்கையாளருக்கு முகம் தெரியட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றினேன். சரியாக அப்போது ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பாய் வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்து மார்பில் கை வைத்தார்.

"யாருய்யா நீ? என் செரையை என்ன செஞ்சே?"

"இலவசம் பாய்," என்றேன்.

"பிரியாணிக் கடைக்கு வச்சிருந்த செரைய்யா! எட்டு வருஷமா வளத்தது! புல்லுக்கும் செரைக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் என்னத்துக்குய்யா மிஷினைத் தூக்கறே?"

செரை என்றால் சமையலுக்குப் போடும் எலுமிச்சைப் புல்; பார்க்க லாலாங் மாதிரியேதான் இருக்கும். பதினெட்டு வருஷ அனுபவம் ஒரே ஒரு விஷயத்தில் கைகொடுத்தது. மிஷினோடு வேகமாக ஓடத் தெரிந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த அட்டையை நல்லவேளையாக எடுத்துக் கொடுக்கவில்லை.

வீட்டில் காலை வைத்ததும் சுசீலா மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன இது, ஆளு மேல ரெண்டாங் கறி வாசனை?"

"புது எண்ணெய். மிஷினுக்கு."

"இது செரை வாசம். ஐயோ, ஹுசைன் பாய் வீட்டுப் பின்பக்கமா?"

"உனக்கு எப்படி..."

"சிராங்கூன் கார்டன்ஸ் போறேன்னுதானே கிளம்பினீங்க? அங்க அவங்க வீட்டுலதானே செரை இருக்கு? போன வாரம் வேப்பிலைக்குப் போனப்பகூட அவரு வீட்டம்மா ரெண்டு கட்டு அறுத்துக் கொடுத்தாங்க. நேத்து நீங்க குடிச்ச ரசம் அதுலதான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறுநாள் காலை, நடைவழியில் அவள் வளர்த்து வந்த இரண்டு செரைத் தொட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள். வேப்பிலைப் பையைத் தோளில் மாட்டினாள். பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்கு என்னவோ சாங்கிக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது.

மத்தியானத்துக்குள் திரும்பி வந்தாள். பை நிறைய வேப்பிலை.

"மூணு," என்றாள்.

"என்ன மூணு?"

"கஸ்டமர். பாய் வீட்டுப் பின்தோட்டம் காடா கிடக்கு. கொசு இருக்கான்னு பாக்க ஆபீசருங்க வர்றாங்களாம், பயந்து போயிருக்காரு. பக்கத்து வீட்டு பாப்பாத்தி டீச்சரும் அதே கவலைதான். எதிர்க்க ஒரு பூட்டின பங்களா, அதுக்குச் சாவி டீச்சர்கிட்ட இருக்கு. மூணுக்கும் மாசம் ரெண்டு தடவை."

"இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"இருபது வருஷமா அந்தத் தோட்டத்துக்குள்ள போய் இலை பறிக்கிறேன். எங்க எவ்வளவு புல்லுன்னு தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? போறதே அசிங்கம்னீங்க."

மச்சினனிடமிருந்து தப்பித்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியே விட்டது. ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"பாய் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாரு. அன்னைக்கு வந்த வழுக்கைத் தலை மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாதாம்."

"நீ என்ன சொன்ன?"

"அந்த மாதிரி ஆளையெல்லாம் நான் வேலைக்கு வச்சுக்க மாட்டேன் பாய்னு சொல்லிட்டேன்."

அடுத்த சனிக்கிழமை ஹுசைன் பாய் தோட்டத்தில் வேலை. தலையில் ஹெல்மெட், முகத்துக்கு முன் கண்ணாடி, அதற்குள் மூக்கு வரை துண்டு. வாயைத் திறக்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. முதலாளி நிழலில் நாற்காலி போட்டு பாயோடு தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி! அந்த மஞ்சள் செடிகிட்ட போகாதீங்க!" என்றாள் சுசீலா. போகவில்லை.

"தம்பி, அது பாண்டான் இலை! நகருங்க!" நகர்ந்தேன்.

மிஷினை நிறுத்தி எண்ணெய் ஊற்றும்போது பாய் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது.

"சொன்ன சொல்லைக் கேக்கற ஆளா பிடிச்சிருக்கீங்களே தங்கச்சி. பர்மனண்டா?"

"எங்க பாய்? இன்னும் ப்ரொபேஷன்லதான் வச்சிருக்கேன்."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது.