கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கல்யாணப் பத்திரிகை

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
ஆகஸ்ட் 1989

அன்புள்ள மகன் லாசரஸுக்கு உன் பெரியம்மா அல்போன்சம்மாள் எழுதுவது. பினாங்கில் நீ கூட இருந்து பார்த்துக்கொள்ளும் உன் மாமனாரின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு மாதாவுக்கு நன்றி சொன்னேன். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பெயருக்குத்தான் பங்கம்.

உன் அச்சுக்கடைக் கம்ப்யூட்டரை நான் உடைத்துவிட்டேன் என்று உன் மனைவி பிரிஜட் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது ஒரு கல்யாணப் பத்திரிகை மட்டும்தான், அதிலும் ஓரம் மட்டும்தான். இந்த வித்தியாசம் தெரியாமல், இனி நான் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டிருக்கிறாள். சனிக்கிழமைதோறும் நான் அங்கே உட்கார்ந்துதான் நம் பங்குக் கோயிலின் மாத மலரைத் தயாரிக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை இல்லாவிட்டால் சனிக்கிழமைகளில் நான் அடுத்த வீட்டாரின் டெலிவிஷனைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நடந்தது இதுதான். உன் பெரியப்பாவின் நினைவுநாள் அறிவிப்பை மாத மலரில் போடுவதற்காக நான் சற்று முன்னதாகவே போய், பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து வைத்தேன். கோடு தடிமனாக, கறுப்பாக. எழுத்து நடுவில். மேசையைத் துடைத்துவிட்டு நோட்டைத் திறப்பதுதான் கான்வென்டில் சிஸ்டர் பிலோமினா எங்களுக்குக் கற்றுத்தந்த முறை. ஆனால் இந்தப் புரோகிராமில், பக்கம் எதுவும் திறக்காத நேரத்தில் நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் அதன் பிறவிக் குணமாகிவிடுமாம். அதன் பிறகு யார் புதுப் பக்கம் திறந்தாலும் அது துக்கத்தோடுதான் திறக்கும். இதை உன் கடை ஆள் ரவூப் எனக்கு எப்போது சொன்னார் என்று நினைக்கிறாய்? எல்லாம் முடிந்த பிறகு. "பக்கத்தைத் தொறந்துட்டு மாத்தினா அந்தப் பக்கத்தோட போயிடும்மா. தொறக்காம மாத்தினா கடைக்கே மாறிடும்" என்றார், ஏதோ எல்லாரும் ஞானஸ்நானத்தின்போதே கற்றுக்கொண்ட விஷயம் போல.

திங்கட்கிழமை தஞ்சோங் பகார் வேலாயுதம் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். சுற்றிலும் ஒரு கட்டம் வேண்டும் என்றார். ரவூப் கட்டம் போட்டார். அது கட்டைவிரல் கனத்துக்குக் கறுப்பாக விழுந்தது. எடுப்பாக இருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். வேலாயுதமும் புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பத்திரிகைகள் தபாலில் போய்விட்டன.

வேலாயுதத்துக்கு லீலா என்று ஒரு தங்கை, பொங்கோலில் இருக்கிறாள். ஏதோ சண்டையில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கறுப்புக் கட்டம், மேலே கொட்டை எழுத்தில் அண்ணன் பெயர். அவள் அதற்கு மேல் ஏன் படிக்கப் போகிறாள்? சாவுக் கடிதாசியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, டாக்சி பிடித்து, மாலையும் கையுமாக அழுதுகொண்டே வந்து அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வேலாயுதமே வந்து திறந்தாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டியே அண்ணே."

"நான் எங்க போனேன், பல்லு வெளக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் நான் கடையில் இருந்தபோதே அவர் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றார். "மக கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டா எனக்குக் கருமாதி பத்திரிகை அடிச்சிருக்கீங்களே லா."

"புரூஃப் பாத்தது நீங்கதானே அண்ணே" என்றார் ரவூப்.

"நான் பேரைப் பாத்தேன்பா. சம்பந்தி வீட்டு மாமா பேரு விட்டுப்போனா கல்யாணமே நின்னுடும். ஓரத்தை யாரு பாக்குறது?"

ஆனால் லாசரஸ், போகும்போது அவர் என்னிடம் தனியாகச் சொன்னதைப் பிரிஜட் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். லீலா இப்போது அவர் வீட்டிலேயே தங்கிக் கல்யாணப் பலகாரம் சுடுகிறாளாம். "நேரா ஒரு நல்ல பத்திரிகை போயிருந்தா அவ குப்பையில போட்டிருப்பாம்மா" என்றார். இதை உன் மனைவியிடம் எடுத்துச் சொல்லவும். அன்றிலிருந்து நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து புரூஃப் மட்டும் பார்த்தேன்.

உன் மாமனாருக்கும் அத்தைக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் பெரியம்மா
அல்போன்சம்மாள் இயேசுதாசன்

பின்குறிப்பு: தொடவே இல்லை என்று மேலே எழுதியதில் ஒரு சிறு திருத்தம். சனிக்கிழமை ரவூப் தொழுகைக்குப் போயிருந்தபோது, இனி யாருக்கும் இப்படி ஒரு சங்கடம் வரக் கூடாது என்று, பக்கம் எதையும் திறக்காமல், கோடு என்ற இடத்தில் 'இல்லை' என்று வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை பாலர் பள்ளிக்கான கோடு போட்ட கையெழுத்து நோட்டு வேலை தொடங்கியிருக்கிறது. ரவூப் மூன்று தடவை போன் செய்துவிட்டார், நான் எடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை நான் கடைக்கு வரலாமா, கூடாதா என்று எழுத்து மூலம் பதில் தரவும்.