குடை காக்காவுக்கா, எனக்கா?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும். பேரும் மாசமும் மறந்துபோகிறது. மன்னிச்சுக்கணும். ஆனால் மழை விஷயத்தில் மட்டும் என்னோடு யாரும் வாதம் பண்ண முடியாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால், மலைக்கோட்டை பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி பளிச்சென்று தெரிகிற அன்றைக்கு சாயங்காலம் மழை உண்டு. உப்பு ஜாடி கசிந்தாலும் உண்டு. ரேடியோவில் வானிலை சொல்லும்போது வீட்டில் யாரும் தும்மக்கூடாது. (ஒரு தடவை தும்மிய மருமகப்பிள்ளையை முறைத்துவிட்டேன். அவரை நான் நிமிர்ந்து பார்த்ததே அன்றைக்குத்தான்.)

இந்தப் பைத்தியம் ஒரு குடையால் பிடித்தது.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். திருச்சிக்குள்ளே வெள்ளம் வந்ததே, அதற்கடுத்த சித்திரை என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் தென்னூரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தார். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி மூடுகிறவரை நின்றபடியே இருக்கணும். அந்த வயசிலேயே காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். லால்குடியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுத ஆள் வேணுமாம், நேரில் வரச் சொன்னார்கள். சம்பளம் எவ்வளவு என்றுகூட அவர் விசாரிக்கவில்லை. "நாற்காலி உண்டாம்" என்றார் என்னிடம்.

அவருடைய ஒரே வெள்ளைச் சட்டையை நான்தான் துவைத்தேன். பளிச்சென்று இருக்கணுமே என்று வெளுப்புக்குப் போடுகிற நீலத்தை ரெண்டு பங்கு கலந்தேன். கஞ்சியும் தாராளம். காய்ந்ததும் சட்டை தானாகவே நின்றது. (அதை மட்டும் மில்லுக்கு அனுப்பியிருக்கலாம்.)

அன்றைக்குப் பார்த்து மாமியார் கூழ் வடகம் பிழியச் சொல்லிவிட்டார். மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவிட்டு, பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்போம். அதைக் கண்டால் காக்கா அண்டாது. வீட்டில் இருந்தது ஒரே குடை.

லால்குடிக்குக் கிளம்பியவர் கீழே வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"குடை எங்கே?"

"மாடியில இருக்குங்க. காக்காவுக்கு வச்சிருக்கேன்."

"மழை வருமா?"

அதுவரை எதைப் பற்றியும் என்னை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நான் பேசுவதே பாதி தலையாட்டல்தான். பெருமை தாங்கவில்லை. வானத்தைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. வடகத்தைத்தான் பார்த்தேன்.

"வராதுங்க. போயிட்டு வாங்க."

ஸ்ரீரங்கத்தில் ஒரு சொட்டு விழவில்லை. வடகம் கலகலவென்று காய்ந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். கழுத்தில் நீலம், நெஞ்சில் நீலம், வேட்டியில் வரிவரியாக நீலம்.

மாமியார் மேலும் கீழும் பார்த்தார். "வேலைக்கு அனுப்பினா கூத்துக்கட்டிட்டு வந்திருக்கான்."

"லால்குடியில நல்ல மழை" என்றார் அவர்.

"போகும்போதா, வரும்போதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "வரும்போதுதான்."

"வேலை?"

"அது ஏற்கெனவே வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டாங்களாம். நான் போனது சும்மா. வடகம் காஞ்சுதா? ரெண்டு பொரி."

பொரித்துக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்று சாப்பிட்டார்.

மறுநாள் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "குடை இன்னிக்கு காக்காவுக்கா, எனக்கா?" என்றார். தெருவே சிரித்தது. அதிலிருந்து தினமும் இதே கேள்விதான். பதில் சொல்லணுமே என்றுதான் நான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். காற்று கொள்ளிடத்துப் பக்கமிருந்து வருகிறதா, தட்டான் தாழப் பறக்கிறதா, எல்லாம் பார்த்து வைப்பேன். பொழுது போகிறதற்கு இல்லை. இன்னொரு தடவை தப்பாகச் சொல்லிவிடக்கூடாது என்கிற பயம்.

மழையை ஓரளவு படித்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அன்றைக்கு வந்து நின்றபோது அவர் சட்டை ஈரமாக இல்லை. காய்ந்து மொடமொடவென்று இருந்தது. வரும்போது நனைந்தவர் சட்டை அதற்குள் காயுமா? அப்படியென்றால் அந்த நீலக் கோலத்தோடுதான் மில் முதலாளி முன்னால் போய் நின்றாரா? ஆனால் சித்திரை மழை மத்தியானம் தாண்டித்தானே இறங்கும், அவர் காலையிலேயே போனவராச்சே. பஸ் ஜன்னல் காற்றில் காய்ந்தும் இருக்கலாம். கேட்டால், "உன் வானிலையை ஆரம்பிச்சுட்டியா?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

கடைசிவரை அந்தக் கடையில்தான் நின்றார். காலில் புண் வந்து ஆறவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்தது ஒரு ஐப்பசி அடைமழையில். தூக்கிக்கொண்டு போகும்போது முகத்துக்கு மேல் யாரோ குடை பிடித்தார்கள். அன்றைக்குக் குடை அவருக்கு.

இப்போது அமாவாசைக்கு மாடியில் காக்காவுக்குச் சோறு வைக்கிறேன். தூறினால் சோறு நனையாமல் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன். ஒரு காக்காவும் கிட்ட வராது. என் பெண் கீழேயிருந்து கத்துவாள்: "குடையை மடக்கும்மா. அப்பா எப்படி வருவார்?" இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

லால்குடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சித்திரையில் உங்கள் ஊரில் பெய்த மழை காலையிலா, சாயங்காலமா என்று பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். வருஷத்தையும் சரிபார்த்துவிடுங்கள், நான் தப்பாக எழுதியிருப்பேன். சாயங்காலம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள். காலையில் என்றால் என் பெண்ணிடம் சொன்னால் போதும்.