ஸ்டேஷனுக்கு முன்னாடி

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம். இன்று மதியம் மட்டும் அந்த ‘அனைவரில்’ ஒருவர் குறைந்திருந்தார், இப்போது சேர்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, டாக்டரிடம் காட்டு என்று சொல்லித்தான் அவரைத் தனியாக ரயில் ஏற்றிவிட்டீர்கள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் எப்படி வந்தன என்று நான் கேட்கவில்லை. “ஸ்டேஷனுக்கு முன்னாடி நிக்கிறேன்ப்பா, இறங்கி வந்துடுங்க” என்று போனில் சொல்லிவிட்டு, பெரிய ஸ்டேஷனின் வாசலில் போய் நின்றேன். ரயில் வந்தது, கூட்டம் மொத்தமும் வெளியேறியது, அப்பாவைக் காணோம், பேட்டரி தீர்ந்துவிடும் என்று போனையும் அணைத்து வைத்திருக்கிறார், உள்ளே ஓடி அவர் பெட்டியில் ஏறினால் இருக்கை காலி. பெட்டியைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், “கண்ணாடி போட்ட பெரியவரா? அவர் முன்னாடியே இறங்கிட்டாரே” என்றார். முன்னாடி என்றால் முன்பக்கம்தானே என்று மூச்சிரைக்க இன்ஜின் வரை ஓடினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, “இதுக்கு மேல முன்னாடி போக முடியாதும்மா, தண்டவாளமே முடிஞ்சுபோச்சு” என்றார்.

விசாரணை கவுண்டரில், “காணாமப் போனது பெட்டியா, ஆளா?” என்று கேட்டார்கள்.

“ஆளு. எங்கப்பா.”

“அடையாளம்?”

“யார் சொன்னாலும் கேக்க மாட்டார்.”

“எங்கப்பாவும்தான் கேக்க மாட்டாரு. சட்டை என்ன கலர், அதைச் சொல்லுங்க.”

சட்டையின் நிறம் எனக்குத் தெரியவில்லை, அண்ணா. நீங்கள் சொன்னதுதான் சரி, அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது, என்னையும் சேர்த்து என்று தோன்றியது. அப்போது அடுத்த பிளாட்பாரத்தில் ஒரு லோக்கல் ரயில் வந்து நின்றது. அப்பா இறங்கினார்.

“என்னம்மா, ஸ்டேஷனுக்கு முன்னாடி நிக்கிறேன்னு சொன்னே, முன்னாடி ஸ்டாப்புல ஆளையே காணோம்? எவ்வளவு நேரம் நிக்கிறது!”

திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவர் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. குழப்பியது என் வார்த்தைதான். டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்துவிட்டேன். நீங்களும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

அண்ணிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

உங்கள் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அப்பா இதை வாங்கிப் படித்துவிட்டார். “முன்னாடின்னா வாசல்னு எனக்குத் தெரியாதா? அங்க அவன் காவல், இங்க உன் காவல். நடுவுல ஒரு டீயாவது தனியாக் குடிப்போம்னு இறங்கினேன். டீ நல்லா இருந்துச்சு. திரும்பிப் போகும்போதும் இறங்குவேன், தேடாதீங்கன்னு அவனுக்கு எழுது” என்றார். எழுதிவிட்டேன்.