இருபத்து மூன்றாவது நிமிடத்தில் தப்பிய நோயாளி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்ளத்தான் முடியும், போனில் கேட்டால் "தியேட்டர்ல இருக்கேன், அப்புறம்" என்று ஒன்பது விநாடியில் வைத்துவிடுகிறாய். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். நலம் என்றால், அம்மாவின் இடது கால் பத்தடிக்கு ஒரு தரம் நிற்கச் சொல்கிறது, என் வீட்டுக்காரரின் இடுப்பில் பட்டை பட்டையாகத் தழும்பு, நான் வியாழக்கிழமையிலிருந்து ஒரே நாற்காலியில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்காரவில்லை. இந்தக் கடிதத்தையே சமையல் மேடையில் ஒரு பத்தி, ஜன்னல் விளிம்பில் ஒரு பத்தி, துணி துவைக்கும் மெஷின் மேல் ஒரு பத்தி என்று எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது மெஷின். நான் அழவில்லை.

என் பெல்ட்டை உங்கள் மருத்துவமனையில் சோதித்த அன்று என்ன நடந்தது என்று மெசேஜில் கேட்டிருந்தாய். சொந்தத் தங்கையின் கருவி என்பதால் சோதனைக் குழுவில் இருக்கக் கூடாது என்று நீ ஒதுங்கிக்கொண்டாய். குழுவின் அறிக்கையில் "நோயாளி தப்பித்தார்" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, ரத்தக்குழாய் அறுவை சிகிச்சையில் இருபது வருஷமாக இப்படி ஒரு முடிவை வாசித்ததில்லை என்கிறாய். வாசித்திருக்க மாட்டாய். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன், எந்த இடத்தில் புத்தி தவறினேன் என்று எனக்கே வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன வருஷம் அம்மாவின் காலில் அடைப்பு எடுத்தீர்களே, அங்கேதான் ஆரம்பம். தொடை மடிப்பில் துளை போட்டு, குழாயை நுழைத்து, வேலை முடிந்து குழாயை உருவியதும், அந்தத் துளை மேல் மணல் மூட்டையை வைத்து ஆறு மணி நேரம் மல்லாக்கப் படுத்திருக்கச் சொன்னீர்கள். யாரை? முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கொடுத்த ஒரு கண்டக்டரை. நாலு மணி நேரம் பொறுத்தாள். அப்புறம் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "கதவுகிட்டயே ஏன் நிக்கிறீங்க? உள்ள எவ்வளவு இடம் காலியா கிடக்கு, உள்ள போங்க, உள்ள போங்க" என்று எழுந்தே விட்டாள். மூட்டை உருண்டது, ரத்தம் பாய்ந்தது, ஒரு நர்ஸ் இரண்டு கைகளையும் வைத்து நாற்பது நிமிடம் அழுத்தினார், நீ செருப்பில்லாமல் ஓடிவந்தாய். முழங்கால் வரைக்கும் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தக்கட்டு. இப்போது அதே குழாயில் மறுபடி அடைப்பு. இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலுக்கே ஆபத்து என்று நீ சொன்னபோது அம்மா உன் முகத்தைப் பார்த்து என்ன சொன்னாள்? "காலை வேணா எடுத்துக்கோப்பா. ஆறு மணி நேரம் படுக்க மாட்டேன்."

அன்றைக்குத்தான் நான் கண்டுபிடிப்பாளர் ஆனேன். யோசனை சின்னதுதான். மணல் மூட்டைக்குப் பதில் இடுப்பில் ஒரு பெல்ட், அதில் துளைக்கு நேராக ஒரு காற்றுக் குமிழ். குமிழ் துளையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்காரலாம். கார் சீட் பெல்ட் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகப் பட்டையை இழுத்து இழுத்து, அது எங்கே வழுக்குகிறது என்று குறித்துக்கொள்வதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. எனக்குத் தெரியாத பெல்ட்டா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

குமிழுக்கு ரப்பர் எங்கே கிடைத்தது என்று நீ கேட்கவேயில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நீ வாங்கிக் கொடுத்த பிரஷர் பார்க்கும் மெஷினை அறுத்துவிட்டேன். அதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் ரத்த அழுத்தம் கிடையாது. சோதனைக்கு ஆள் வேண்டுமே, வீட்டுக்காரர் இடுப்பைக் கொடுத்தார். இரண்டாவது பெல்ட் அவர் விடைத்தாள் திருத்தும்போது வெடித்து, ஒரு பையனுக்குப் போட வேண்டிய ஏழு மதிப்பெண் எழுபது ஆகிவிட்டது. நாலாவதைக் கழற்ற மறந்து பள்ளிக்கூடத்துக்கே கட்டிக்கொண்டு போய்விட்டார். பாலைவனக் காற்று பற்றிப் பாடம். கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்திருக்கிறார், குமிழிலிருந்து மெதுவாக, நீளமாகக் காற்றுப் போயிருக்கிறது. எட்டாம் வகுப்பு முழுவதும் அவரை எப்படிப் பார்த்தது என்பதை இன்றுவரை என்னிடம் சொல்ல மறுக்கிறார். ஆறு பெல்ட்டுக்கும் ஒரே வியாதி, அண்ணா. படுத்திருக்கும்வரை குமிழ் வைத்த இடத்தில் இருக்கும். ஆள் நிமிர்ந்ததும் இரண்டு விரற்கடை கீழே சரிந்துவிடும். சரிந்த குமிழால் என்ன பிரயோஜனம், துளை ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம். ஏழாவதில் பட்டையை அகலமாக்கினேன், உள்பக்கம் சொரசொரப்பாக்கினேன், குண்டான உடம்புக்கும் பொருந்தட்டும் என்று வாலை மூன்று முழம் வெட்டாமல் விட்டேன், நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுப் பெட்டியும் வைத்தேன். வீட்டில் சரியவில்லை. அல்லது சரியவில்லை என்று நான் நம்ப விரும்பினேன்.

வியாழக்கிழமை காலை, உங்கள் மருத்துவமனையில் சோதனை. துளை எதுவும் கிடையாது, அம்மாவின் நல்ல காலில், பாதி அழுத்தத்தில், தலைப்பக்கம் நிமிர்த்திய கட்டிலில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும், குமிழ் நகராவிட்டால் நிஜ நோயாளிகளிடம் போகலாம், அந்தப் பட்டியலில் முதல் பெயர் அம்மாவுடையது. "எந்திரிக்க மாட்டேன்டி, சும்மா தொணதொணக்காத" என்று கட்டிலில் ஏறினாள். கருவி செய்தவர் அறையில் இருக்கக் கூடாதாம், இருந்தால் போய்ப் போய்ச் சரிசெய்வார்களாம். அது என் விஷயத்தில் நியாயம்தான். எனவே தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். இருபதாவது நிமிடம் குழுவின் பெரிய டாக்டருக்குப் போன் வந்தது, வெளியே போனார். தலைமை நர்ஸ் பக்கத்து அறையில் யாருக்கோ குளுகோஸ் மாற்றப் போனார். நான் அந்தக் கோடியில் இருந்தபோது அம்மா இந்தக் கோடியில் இறங்கிவிட்டாள்.

பெரிய டாக்டர் திரும்பி வந்து கட்டிலைப் பார்த்தார், கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார். "பேஷன்ட் எங்கம்மா?" என்றார், ஓடிவந்த என்னிடம்.

"பாத்ரூம் போயிருப்பாங்க சார்."

"பெல்ட்?"

"அதுவும் போயிருக்கும் சார்."

தலைமை நர்ஸ் மூச்சு வாங்க வந்தார். "லிஃப்ட்டுகிட்ட ஒரு வயசானம்மா, 'இறங்குறவங்களுக்கு வழி விடுங்க, அப்புறமா ஏறுங்க'ன்னு வரிசையில நிக்க வச்சிட்டு இருந்தாங்களாம். அவங்களா பாருங்க."

"அவங்களேதான்" என்றேன்.

"ஆளை நிம்மதியா ஒரு மணி நேரம் இருக்க வைக்கிற கருவின்னு எழுதியிருக்கீங்க" என்றார் டாக்டர், என் விண்ணப்பத்தை விரலால் தட்டி. "ஆளையே காணோமேம்மா." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தால் அம்மா பஸ் பிடித்து எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலோரம், ஒன்றுமே நடக்காதது போல. கத்திவிட்டேன் அண்ணா. "உனக்காகத்தானேம்மா ராப்பகலா இதைச் செய்யுறேன், இருபத்து மூணு நிமிஷத்துக்கு மேல உன்னால படுக்க முடியலையா, என் மானத்தை வாங்கணும்னே வந்தியா?" என்று என்னென்னமோ. அவள் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அம்மா பதில் சொல்லாதது அதுவே முதல் தடவை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் வீட்டுக்காரர் வழியாகத்தான். "மாப்பிள்ளை, உங்க வீட்டம்மாகிட்ட குழம்புல உப்பு பத்தலைன்னு சொல்லுங்க." "அத்தைகிட்ட பெல்ட்டைத் திருப்பிக் கேளுங்க." "குடுக்க முடியாதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை." நடுவில் அவர் பாவம், சாப்பிடுகிற கையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

இந்த இரண்டு நாளில் ஒன்று தோன்றியது, உன்னிடம்தான் சொல்ல முடியும். போன வருஷம் அந்த நாலாவது மணி நேரத்தில் அவள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள் நான். கால் மரத்துப்போகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று வெளியே போயிருந்தேன். படுத்திருக்க முடியாத அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாத மகளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பதில் அவளைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டை வேண்டும் என்றுதான் ஏழு பெல்ட் தைத்தேனோ என்னவோ. அப்படியென்றால் அது பெல்ட்டின் வேலையே இல்லை.

ஆகவே குழுவுக்கு ஒரு விலகல் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. கண்டுபிடிப்பதை விட்டுவிட்டேன், இனி கார் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். பழைய மணல் மூட்டையையே எடுத்து வை. ஆறு மணி நேரமும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன், எழ மாட்டேன். அவளைச் சம்மதிக்க வைப்பது மட்டும் உன் பொறுப்பு, நீ சொன்னால் கொஞ்சம் கேட்பாள்.

அண்ணிக்கு என் அன்பு. பெரியவனைப் படிக்கச் சொல், சின்னவளைக் கொஞ்சம் விளையாடச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: விலகல் கடிதத்தை உறைக்குள் தேடாதே, எடுத்துவிட்டேன். மேலே உள்ளதையும் கிழித்திருப்பேன், இவ்வளவும் கையால் எழுதியதாயிற்றே என்று மனசு வரவில்லை. உறையை ஒட்டும் முன், எவ்வளவு சண்டையானாலும் கேட்பதுதானே முறை என்று, "அண்ணனுக்கு ஏதாவது எழுதணுமா?" என்று அம்மாவிடம் நேராகவே கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து பெல்ட்டை எடுத்து மடியில் போட்டாள்.

"வழுக்கிருச்சுடி" என்றாள். "இருபதாவது நிமிஷமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. அவங்க ரெண்டு பேரும் திரும்பி வந்து பார்த்தா உன்னை ஃபெயில் பண்ணிருவாங்க. ஆளே இல்லைன்னா எப்படி ஃபெயில் பண்ணுவாங்க? அதான் வந்துட்டேன்."

"இதை அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"நீ எங்க சொல்ல விட்ட? வழுக்குதுன்னு சொன்னா இன்னும் அழுவ. சரி, படுக்க முடியாதவன்னே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்."

பேச்சை மாற்ற, பதிவுப் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அண்ணா, முதல் இருபத்திரண்டு நிமிடம் கோடு படிப்படியாக இறங்குகிறது. அடுத்த ஏழெட்டு நிமிடம் தாறுமாறு. அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடு. லிஃப்ட், படிக்கட்டு, பஸ், வேகத்தடை, எதற்கும் அசையவில்லை. "என்னம்மா பண்ணின?" என்றேன். "கீழ கீழ வந்துச்சு. எவ்வளவு தூரம் கையால புடிச்சுக்கிட்டே போறது? அந்த நீள வாலை எடுத்து, குறுக்கால தோள்ல மாட்டிப் பின்னாடி சொருகிட்டேன். பஸ்ல பையை வேற எப்படி மாட்டுறதாம்?" பஸ்ஸில் உட்கார்ந்தாயா என்று கேட்டேன். கண்டக்டர் எங்கேயாவது உட்காருவாளா என்றாள். பாதம் வெதுவெதுப்பாகத்தான் இருந்ததாம், ரத்த ஓட்டம் நிற்கவில்லை, நீ கேட்பாய் என்று அதையும் கேட்டுவிட்டேன்.

பதினெட்டு வருஷமாக நான் இழுத்துப் பார்க்கிற கார் பெல்ட் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். தோளிலிருந்து குறுக்கே இடுப்புக்கு. தயவுசெய்து இதை அண்ணியிடம் சொல்லாதே.

திங்கட்கிழமை எட்டாவதோடு வருகிறேன், குழுவிடம் நேரம் வாங்கு. இந்தக் கோட்டைக் காட்டு, கடிதத்தைக் காட்டாதே. புது பிரஷர் மெஷின் ஒன்று வாங்கி வை, குமிழுக்கு வேண்டும். அம்மாவிடம் இனி ஆறு மணி நேரம் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டேன். "ஒரு மணி நேரமா? அதுல நான் ரெண்டு ட்ரிப் அடிச்சிருவேனே" என்கிறாள். பேரம் நடந்துகொண்டிருக்கிறது. இப்போதைக்கு நாற்பது நிமிடத்தில் நிற்கிறாள். மிச்சம் இருபது நிமிடத்தை நீ வந்து பேசிக்கொள்.