ஓடத்தான் போனேன் அக்கா

அன்பும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கோபமும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், மகள், மாப்பிள்ளை மூவரும் சுகம். என் வலது கணுக்கால் மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வருகிறது. உன் சுகத்தை விசாரிக்கலாம் என்றால் நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். குடும்பக் குழுவிலிருந்தும் கிளம்பிவிட்டாய். 'அத்தை வெளியேறினார்' என்று அதில் வந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு என் மகள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பேனாவுக்குக் காது கிடையாது, நான் சொல்வதைத் தப்பாகக் கேட்க வழியில்லை.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நான் யாருடனும் ஓடிப் போகவில்லை. ஓடப் போனேன். 'ஓட' என்பதற்கும் 'ஓடி' என்பதற்கும் எழுத்தில் ஒரு சின்ன வளைவுதான் வித்தியாசம். அந்த வளைவில் என் மானம் மாட்டிக்கொண்டு தொங்குகிறது.

எல்லாம் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. "சர்க்கரை ஏறிட்டே போகுது, தினமும் கொஞ்சம் ஓடுங்க" என்றார். காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். மேலேயும் கீழேயும் போய்ப் பழகிய உடம்பு, முன்னால் போ என்றால் அதற்குப் புரியவில்லை. மகள் ஒரு டிராக் பேண்ட் வாங்கி வந்தாள். அதில் நானும் என்னைப் போல இன்னொருவரும் தாராளமாகக் குடியிருக்கலாம். அதைக் குறைக்கத்தான், சாவி வெட்டுபவர் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவில் திரை போட்ட ஒரு மூலையும் ஒரு மெஷினுமாக இருக்கிறதே, அந்தத் தையல் கடைக்குப் போனேன். அங்கேதான் டெய்லரம்மா. கணவர் இறந்த பிறகு தனியாகக் கடை நடத்துகிறவர். வாய் நிறையக் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசுவார், ஒன்றுகூடக் கீழே விழாது. "எங்க ஓடப் போறீங்க?" என்று கேட்டார். வீட்டைச் சுற்றி என்றேன். "வீட்டைச் சுத்தி ஓடினா நாய்தான் கூட ஓடும். சதுப்பு நிலத்துக்கு வாங்க. நான் சனிக்கிழமை காலையில அங்கதான் ஓடுறேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும் அக்கா. பஸ் டிப்போவைத் தாண்டினால் ஆள் உயர நாணலும் தண்ணீருமாகப் பறவைகள் சரணாலயம். ஓடுகிறவர்களுக்கென்று பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், மண் மேட்டில் பாதி, தண்ணீருக்கு மேலே மரப்பலகையில் பாதி. மஞ்சள் அம்பு போட்டது சின்னப் பாதை, நீல அம்பு போட்டது பெரிய பாதை. காவலர் ஒருவர் இருக்கிறார், யார் வாயைத் திறந்தாலும் "உஷ்" என்பார், அவருக்குப் பெயரே உஷ் சார்தான். மூச்சு வாங்கினால்கூட உஷ். என் மூச்சுக்கு அவர் இரண்டு தடவை உஷ் சொல்லியிருக்கிறார்.

சம்பவத்தன்று ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே குடும்பக் குழுவுக்காகப் போனில் பேசி, அதையே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் சொன்னது இது: "டெய்லரம்மாவோட ஓடப் போறேன். வர நேரமாகும். யாரும் தேட வேண்டாம்." போன் 'ஓட'வை 'ஓடி' ஆக்கி எழுதி அனுப்பியது உனக்கே தெரியும், நீதான் முதலில் படித்தாய். அந்தக் கடைசி வாக்கியத்தையாவது நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். உள்ளே போன் அடித்தால் பறவை கலையும் என்று வாசலிலேயே அணைக்கச் சொல்வார்கள், நானும் அணைத்துவிட்டேன். வெளியே குடும்பமே பற்றி எரிகிறது, உள்ளே நான் கொக்குக்கு வழிவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கென்று பார்த்து மஞ்சள் பாதையை மூடிவிட்டார்கள், பறவைகள் கூடு கட்டுகிறதாம். நீலப் பாதையில் திரும்பினோம். பாதி தூரத்தில் பலகைக்கு நடுவே ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது. தாண்டிப் போகலாம் என்று காலைத் தூக்கினேன், நாணலுக்குப் பின்னாலிருந்து உஷ். "அவங்க எழுந்து போறவரைக்கும் நீங்க நிக்கணும்" என்றார். எவங்க என்று கேட்டேன். "கோழியம்மாதான்" என்றார். நின்றோம். கோழி எழுந்திருக்கவில்லை. மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினீர்கள் என்று நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை உண்டு. என் வீட்டுக்காரியைப் பற்றித்தான் பேசினேன். அவளை நான் மறந்துவிட்டேன் என்பதுதானே உன் கோபம். நீயும் அவளும் உட்கார்ந்தால் என்னைக் கேலி பண்ணியே பொழுதைப் போக்குவீர்கள், உனக்கு அவள் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அவள் போன பிறகு வீட்டில் அவள் பேச்சை எடுக்க முடியவில்லை அக்கா. மகள் அழுகிறாள், மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். டெய்லரம்மா மட்டும் "அப்புறம்?" என்று கேட்டார். எத்தனை நாளாகிவிட்டது, என்னிடம் ஒருவர் அப்புறம் என்று கேட்டு. சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த நேரம் எதிரே ஒருவர் ஓடிவந்தார். மரியாதைக்கு ஒதுங்கினேன். பலகை முடிந்துவிட்டது, மரியாதை முடியவில்லை, கணுக்கால் பிசகித் தொடை வரைக்கும் சேற்றில் போனேன். டெய்லரம்மா பின்பக்கம் பேண்ட்டைப் பிடித்து இழுத்தார். "விடுங்கம்மா, கிழிஞ்சிரும்" என்று கத்தினேன். "நான் போட்ட தையல். கிழியாது" என்றார். கிழியவில்லை. நான் வந்தேன், ஒரு ஷூ வரவில்லை. கோழி அப்போதுதான் எழுந்து போனது.

இதற்குள் மகளும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை உஷ் சாரிடம், "ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் ஓடி வந்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். "இங்க எல்லாரும் ஓடித்தான் சார் வர்றாங்க" என்றாராம் அவர். நான் தொடை வரை சேறும் ஒற்றை ஷூவுமாக, டெய்லரம்மா தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வெளியே வருகிறேன். "மாமா, எதுவா இருந்தாலும் வீட்ல வெச்சுப் பேசிக்கலாம்" என்கிறார் மாப்பிள்ளை. மகள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். போனைத் திறந்தால் உன் அருமை மகன் பூங்கொத்துப் படம் போட்டு, "வாழ்த்துகள் மாமா" என்று அனுப்பியிருக்கிறான். அவனைக் கொஞ்சம் கண்டித்து வை.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. எனக்கும் டெய்லரம்மாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பேண்ட்டுத் தையல் மட்டுமே என்று உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். நீ பேசாமல் இருந்தால் எனக்கு எதுவும் ஓடவில்லை. திட்டவாவது போனை எடு. அத்தானுக்கு என் வணக்கம். வாழ்த்துச் சொன்னவனைத் தவிர மற்ற பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் முழங்கால் வலி குறைந்து, கோபமும் கூடவே குறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

கணுக்கால் வீங்கிய உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடைப் பக்கம் போய் இதை டெய்லரம்மாவிடம் படித்துக் காட்டினேன், அவர் பெயரும் அடிபடுகிறதே என்று. குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நமக்கு நடுவுல ஒண்ணுமே இல்லைன்னு வருதே, அந்த இடத்தை மட்டும் பிரிச்சுத் தைக்கணும்" என்றார். அக்கா, அந்த இடத்தைப் பிரித்தாகிவிட்டது. மகளிடம் சொன்னேன், எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் உன்னை விட்டுவிட்டு எனக்கு எதுவும் வேண்டாம். என் அக்கா வந்து நின்றால்தான் கல்யாணம் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப அவங்க அளவைக் கேட்டு எழுதுங்க, வர்றதுக்குள்ள ஒண்ணு தைச்சு வைக்கிறேன். ரவிக்கையா டிராக் பேண்டான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்" என்கிறார். என்னோடு பேசாவிட்டால்கூடப் போகிறது அக்கா, அளவை மட்டுமாவது எழுதிப் போடு.